பிளாஸ்டிக் பேட்டரி வந்துவிட்டதா?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே வீடியோவைப் பற்றியவை. ஒருவர் கறுப்புத் தாள் ஒன்றைச் சுருட்டுகிறார், மடக்குகிறார், அதில் கம்பியை மாட்டுகிறார். சின்ன விசிறி ஒன்று சுழல்கிறது. பின்னணியில் ஒரு குரல்: "உலோகமே இல்லாத பிளாஸ்டிக் பேட்டரி! லித்தியம் வேண்டாம், கோபால்ட் வேண்டாம், ஐந்தே நிமிடத்தில் சார்ஜ்!" எனக்கும் அது வாட்ஸ்அப்பில் பல பக்கமிருந்து வந்து சேர்ந்தது. அந்தக் கறுப்புத் தாள் பொய்யில்லை. குரல்தான் ரொம்ப அவசரப்படுகிறது. ஆகவே இந்த இதழில் மற்றதை எல்லாம் ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். நாய்க்குட்டிக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்ட ஆயர் ஈத்தாம் சிறுவன் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: டீச்சர், நான் பினாங்கு பட்டர்வொர்த்தில் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மின்சாரக் கார் வாங்க வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என் மைத்துனர், "அவசரப்படாதே, பிளாஸ்டிக் பேட்டரி வந்ததும் இதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்" என்கிறார். காத்திருக்கலாமா?
– கிராப் ஓட்டுநர், பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் தம்பி. மாதத் தவணை கட்டுப்படியானால் வாங்குங்கள், கட்டுப்படியாகாவிட்டால் விடுங்கள். இந்த வீடியோவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மைத்துனரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பேட்டரி ஒருமுறை கடைக்கு வந்துவிட்டுத் திரும்பியும் போய்விட்டது. 1987-இல் ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோனும் செய்க்கோவும் சேர்ந்து, பாலிஅனிலின் என்ற பாலிமரை (பிளாஸ்டிக்கைப் போலச் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) நேர்முனையில் வைத்துப் பொத்தான் அளவு பேட்டரி விற்றன. டயர் செய்கிற அதே பிரிட்ஜ்ஸ்டோன்தான். சில ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து மறைந்தது. அதற்கும் பத்தாண்டு முன்னால், 1977-இல், ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கில் மின்சாரத்தை ஓடவைத்துக் காட்டினார்கள். 2000-இல் அதற்கு வேதியியல் நோபல் பரிசு. அன்று முதல் "பிளாஸ்டிக் பேட்டரி இதோ வருகிறது" என்ற செய்தியும் ஓய்ந்தபாடில்லை.

இனி வீடியோவின் மூன்று வாக்குறுதிகள். பேட்டரிக்கு இரண்டு முனை. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டு எதிர்முனைக்குப் போகின்றன. வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. செலவில் பெரும்பங்கும் எடையில் பெரும்பங்கும் நேர்முனையில்தான். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் குட்எனஃப் கண்டெடுத்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடுதான், 1991-இல் சோனி முதல் லித்தியம் அயனி பேட்டரியை விற்றபோது அந்த முனையில் இருந்தது. அந்த உலோக ஆக்சைடுக்குப் பதிலாகக் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், சிலவற்றில் கந்தகம் மட்டுமே கொண்ட பாலிமரை வைக்கலாமா என்பதுதான் ஆராய்ச்சி. மாறுவது நேர்முனை மட்டுமே.

அதனால் "கோபால்ட் வேண்டாம்" என்பது உண்மை. ஆனால் கோபால்ட் இல்லாத கார்கள் இப்போதே பினாங்குப் பாலத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. புரோட்டோன் இ.மாஸ் 7 ஆகட்டும், பிஒய்டி வண்டிகள் ஆகட்டும், உள்ளே இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். கோபால்ட்டுக்குத் தோண்டுவதுபோல் இரும்புக்காக யாரும் காங்கோவில் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. கோபால்ட்டைக் காட்டிப் பயமுறுத்தும் வாதத்தின் பாதி பலம் அங்கேயே போய்விட்டது.

"லித்தியம் வேண்டாம்" என்பது, பெரும்பாலான பாலிமர்களைப் பொறுத்தவரை, நேர்மாறான பேச்சு. கோபால்ட் ஆக்சைடு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே லித்தியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு வருகிறது. கார்பனைல் வகைப் பாலிமர்கள் (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இணைந்த பகுதி உள்ளவை) காலியாக வருகின்றன. எதிர்முனையில் நாம் இன்று வைக்கும் கிராபைட்டும் காலிதான். இரண்டும் காலியாக இருந்தால் அங்கே ஓடுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே எதிர்முனையில் லித்தியம் உலோகத்தையே வைக்க வேண்டியதாகிறது, அல்லது கிராபைட்டுக்குள் முன்கூட்டியே லித்தியத்தை ஏற்ற வேண்டியதாகிறது. லித்தியம் உலோகத்தில் சார்ஜ் ஏற ஏற ஊசிகள் முளைத்து மறுமுனையைத் தொட்டுவிடும் தொல்லை இன்னும் முழுதாகத் தீரவில்லை. இதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. பாலிமர் இளகிய பொருள். உள்ளே நுழையும் அயனியின் பருமனைப் பற்றி அது அதிகம் கவலைப்படாது. சோடியம், பொட்டாசியம், துத்தநாகம் என்று மலிவான அயனிகளோடும் வேலை செய்யும். அதை வீடியோ சொல்லவே இல்லை, பாருங்கள்.

ஐந்து நிமிட சார்ஜ்? சின்னத் தாளில் முடியும். காரில் வேறு கதை. அதற்கான காரணம் அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: "பாலிமர் நேர்முனையில் கார்பன் நானோகுழாய்" என்பது எனக்குக் கிடைத்த செமினார் தலைப்பு. கார்பன் பொடி மலிவாகக் கிடைக்கும்போது விலை கூடிய நானோகுழாய் எதற்கு? கேட்டால் எல்லாரும் 'மின்கடத்துத்திறன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.
– வேதியியல் மாணவி, குளுகோர்

பதில்: தங்கச்சி, மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: நானோகுழாய் என்பது கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய். அது எதற்கு என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு மைக்ராஸ்கோப். பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த பழுதாய்வுக் கூடத்தில் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்தது. வெடித்த கப்பாசிட்டர், விரிசல் விட்ட சிப் உறை, இப்படி என்ன வந்தாலும் அதன் வாயில்தான் போடுவோம். வெறும் பிளாஸ்டிக் துண்டை அப்படியே உள்ளே வைத்தால் படம் வராது. மேலிருந்து கொட்டும் எலக்ட்ரான்களுக்கு வெளியேற வழியில்லை. அவை அங்கேயே குவிய, திரையில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும், படம் நகரும், கோடு கோடாக இழுக்கும். அதனால்தான் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு முதலில் தங்கத்தை மெல்லிசாகப் பூசுவோம்.

ஒருநாள் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தன் பாலிமர் துண்டைக் கொண்டுவந்தார். பாதியில் நானோகுழாய் கலந்திருந்தது, பாதியில் இல்லை. தங்கம் பூசாமலே வைக்கச் சொன்னார். குழாய் இல்லாத பாதி வழக்கம்போல வெள்ளையாக எரிந்தது. குழாய் உள்ள பாதியோ சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றது. அதற்குள் நூல் நூலாகப் பின்னிக்கிடந்தது எல்லாம் தெரிந்தது. விழுந்த எலக்ட்ரான் ஒவ்வொன்றும் பக்கத்திலிருந்த நூலைப் பிடித்து வெளியேறிக்கொண்டிருந்தது. உங்கள் செமினாரில் நூறு வரைபடத்துக்குப் பதிலாக இப்படி ஒரு படத்தைப் போட்டால் போதும்.

பேட்டரிக்குள்ளும் இதே சங்கதிதான். கார்பனைல் பாலிமரின் ஒவ்வொரு அலகும் எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்டால் கொடுத்தும் விடும். ஆனால் தன் உடம்பு வழியாக அதை நடத்திக்கொண்டு போகத் தெரியாது. பினாங்குத் தெருவின் பழைய கிட்டங்கி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து கூரைவரை மூட்டை அடுக்கியாயிற்று, நடுவில் ஆள் போக ஒரு சந்துகூட விடவில்லை. வாசலோரத்து வரிசையை மட்டும்தான் எடுக்க முடியும். உள்ளே இருப்பது கணக்கில் இருக்கும், கைக்கு வராது. கார்பன் என்பது சந்து. சந்து விட்டால் உள்ளே போகலாம், ஆனால் விடுகிற ஒவ்வொரு சந்துக்கும் அந்த அளவு மூட்டை குறையும். சந்தில் யாரும் சரக்கு வைப்பதில்லை. பாலிமர் நேர்முனையின் கதை முழுக்க இந்தப் பேரம்தான்.

கார்பன் பொடி என்பது சில பத்து நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள். ஓர் உருண்டை அடுத்ததைத் தொட்டு, அது இன்னொன்றைத் தொட்டு, நேர்முனையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தொடர் அறாமல் இருக்க வேண்டுமானால், நிறையப் போட வேண்டும். பாலிமர் நேர்முனைகளில் எடைக்கு 30 விழுக்காடு, சிலவற்றில் பாதிவரை கார்பனே இருக்கும். நானோகுழாய் அப்படியல்ல. ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் 1, 2 நானோமீட்டர். நீளமோ மைக்ரோமீட்டர் கணக்கு, அதாவது விட்டத்தைப்போல் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும். நீளமாக இருப்பதால் சிலதே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வலையாகிவிடும். சில விழுக்காடு போதும்.

அதோடு முடியவில்லை. பாலிமரைத் தனியே செய்து பிறகு குழாயோடு பிசைவதைவிட, குழாய்கள் மிதக்கும் திரவத்திலேயே பாலிமரை வளர்த்துவிட்டால், அது ஒவ்வொரு குழாயின்மேலும் சில நானோமீட்டர் தடிப்புள்ள தோலாகப் படிகிறது. அப்போது பாலிமரின் எந்த மூலையில் எலக்ட்ரான் இருந்தாலும் கடக்க வேண்டிய தூரம் அந்தத் தோலின் தடிப்பு மட்டும்தான். பிறகு வெற்றிடத்தில் வடிகட்டினால் வடிதாளின்மேல் கறுப்புத் தாள் ஒன்று தங்குகிறது. உரித்தெடுக்கலாம், மடக்கலாம். வீடியோவில் பார்த்தது அநேகமாக இதுதான். வழக்கமான நேர்முனைக்குத் தேவைப்படும் அலுமினியத் தாளும் வேண்டாம், ஒட்டவைக்கும் பைண்டரும் வேண்டாம்.

எண்ணில் பார்த்துவிடுவோம். ஆந்த்ராகுவினோன் என்ற கார்பனைல் மூலக்கூறு அலகுகளைக் கந்தகத்தால் கோத்த பாலிமர் ஒன்று உண்டு. கோட்பாட்டளவில் அதன் கொள்ளளவு கிராமுக்கு 225 மில்லியாம்பியர் மணி, லித்தியத்துக்கு எதிரே சுமார் 2.2 வோல்ட். பாலிமர் 60 விழுக்காடு, மிச்சம் கார்பன் பொடியும் பைண்டரும் என்று வைத்தால், நேர்முனையின் ஒரு கிராமுக்கு 135 மில்லியாம்பியர் மணி. வோல்ட்டால் பெருக்கினால் 297 மில்லிவாட் மணி. நானோகுழாய் 10 விழுக்காடு, பாலிமர் 90, பைண்டர் கிடையாது என்றால், அதே கிராம் சுமார் 445 தருகிறது. பாலிமர் மாறவில்லை, கார்பன் சந்தின் அகலத்தைக் குறைத்ததற்கே இவ்வளவு. ஒப்பிட்டுப் பார்க்க: லித்தியம் இரும்பு பாஸ்பேட் கிராமுக்கு 160, நேர்முனையில் அதன் பங்கு 95 விழுக்காடு, 3.4 வோல்ட். பெருக்கினால் சுமார் 517. இவ்வளவு பாடுபட்டும் பாலிமர் இன்னும் ஒரு படி கீழேதான் நிற்கிறது. பருமனில் பார்த்தால் இடைவெளி இன்னும் அகலம். கோபால்ட் ஆக்சைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5 கிராம், இரும்பு பாஸ்பேட் 3.6, கரிமப் பாலிமர்கள் 1.2-க்கும் 1.6-க்கும் இடையில். நானோகுழாய்த் தாளில் காற்றுத் துளைகள் வேறு. காருக்குள் இடம் அளந்து கொடுக்கிற பொறியாளரிடம் இந்தத் தாளை நீட்டினால் அவர் முதலில் இதைத்தான் கேட்பார்.

அதனால் எந்தக் கட்டுரையைப் படித்தாலும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு "எதன் ஒரு கிராமுக்கு?" என்று ஓரத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் பாலிமரின் ஒரு கிராமுக்கு என்று இருக்கும். கார்பன் கணக்கில் வராது. அடுத்து, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசினார்கள் என்று தேடுங்கள். ஆய்வுக்கூடத்தில் 1 மில்லிகிராம் பூசினால் ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறும். கைப்பேசி பேட்டரியில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் பூச்சு இருக்கிறது. பூச்சு தடித்தால் அயனி நடக்க வேண்டிய தூரம் கூடும், நேரமும் கூடும். கிராப் தம்பிக்குத் தர வேண்டிய பதில் இது.

பாலிமராக ஏன் கோக்க வேண்டும் என்றும் யாராவது கேட்பார்கள். தனித்தனிக் குவினோன் மூலக்கூறு, இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள எலக்ட்ரோலைட் திரவத்தில் கரைந்து ஓடிவிடும். பயன்படுத்திய பேட்டரி செல்லைப் பிரித்துப் பார்த்தால், இரு முனைகளையும் ஒட்டாமல் பிரிக்கிற, வெள்ளையாக இருக்க வேண்டிய இடைத்திரை மஞ்சளாகவோ பழுப்பாகவோ சாயமேறிக் கிடக்கும். கொள்ளளவு எங்கே போயிற்று என்று வேறு சோதனையே தேவையில்லை. சங்கிலியாகக் கோத்தால் கரையாது. பாலிஇமைடு என்றொரு குடும்பமும் இதற்குப் பயன்படுகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சூடு தாங்க ஒட்டுகிற அந்தத் தேன்நிற டேப் இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

நானோகுழாயிடம் ஒரு முரண்டு உண்டு. குழாய்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் கட்டுக்கட்டாகச் சேர்ந்துகொள்ளும். பிரிக்க மீயொலியில் அதிரவைக்க வேண்டும். கூடுதலாக அதிரவைத்தால் குழாய் ஒடிந்து, நீளம் போய்விடும். நீளத்துக்காகத்தானே அந்த விலை கொடுத்தோம்! நல்ல ஆய்வுக்கட்டுரையில் எவ்வளவு நேரம், எவ்வளவு வாட் என்று எழுதியிருப்பார்கள். எழுதாதவர்களின் முடிவைத் திரும்பச் செய்து பார்ப்பது கடினம்.

செமினாரில் ஆசிரியரைக் கொஞ்சம் அசத்த ஒரு தகவல். நானோகுழாயின் அமைப்பை உலகம் கவனிக்கச் செய்த சுமியோ இஜிமாவின் 1991 கட்டுரை ஜப்பானின் என்.இ.சி. நிறுவனத்திலிருந்து வந்தது. கரிம ராடிக்கல் பேட்டரி என்ற, நிமிடக் கணக்கில் சார்ஜ் ஏறும் பாலிமர் நேர்முனையைப் பற்றிய முதல் கட்டுரை 2002-இல் வந்தது; அதுவும் அதே என்.இ.சி.தான். அந்தப் பாலிமருக்குக் கோட்பாட்டுக் கொள்ளளவு 111. ஆரம்பகால நேர்முனைகளில் பாதிக்கு மேல் கார்பன். இரண்டையும் பெருக்கி எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ்காரன் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன் நான். ரப்பரும் பாலிமர்தான் என்று பேத்தி சொல்கிறாள். அப்படியானால் நம் நாட்டு ரப்பரிலேயே பேட்டரி செய்யலாமே, ஏன் செய்யவில்லை?
– ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை பாக்காப்

பதில்: பேத்தி சொன்னது சரி ஐயா. மங்கில் நீங்கள் சேர்த்த பால் முழுக்கப் பாலிமர்தான். ஆனால் நேர்முனைக்கு அது உதவாது. மின்சாரம் கடத்தும் பாலிமர்களில் இரட்டைப் பிணைப்பு, ஒற்றைப் பிணைப்பு, மறுபடி இரட்டை என்று மாறி மாறி வரும். எலக்ட்ரான் அதைப் பிடித்து நகரும். ரப்பரில் ஓர் இரட்டைப் பிணைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று ஒற்றைப் பிணைப்புகள். அங்கே வழி அறுந்துவிடுகிறது. எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் பகுதியும் அதில் இல்லை. மின்சாரக்காரர்கள் ரப்பர் கையுறை மாட்டிக்கொள்வது வேறெதற்கு?

ஆனால் பேட்டரியில் நேர்முனை மட்டுமா இருக்கிறது? இரண்டு முனைகளுக்கும் நடுவில் அயனி நீந்துகிற எலக்ட்ரோலைட் உண்டு. அங்கே நம் ரப்பரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டிலேயே. இயற்கை ரப்பரில் மீத்தைல் மெத்தாக்ரிலேட்டை 49 விழுக்காடு ஒட்டி வளர்த்த எம்.ஜி.49 என்ற ரகம், எபாக்சி ஏற்றிய ரப்பர் இரண்டிலும் லித்தியம் உப்பைக் கரைத்து, ஒழுகாத எலக்ட்ரோலைட் செய்யும் ஆராய்ச்சி மலேசியப் பல்கலைக்கழகங்களில் பல காலமாக நடந்து வருகிறது. ஒட்டிய பகுதியிலுள்ள ஆக்சிஜன் லித்தியம் அயனியைப் பிடித்துக் கைமாற்றிவிடும். ரப்பரின் இளக்கம் முனையோடு படிந்து கிடக்க உதவும். கடைக்கு வரும் அளவுக்கு அயனி வேகமாக ஓடுவதில்லை என்பதுதான் குறை.

இன்னொரு ரப்பர் ஏற்கெனவே உங்கள் பேத்தியின் கைப்பேசிக்குள் இருக்கலாம். எதிர்முனையில் கிராபைட் பொடியைத் தாமிரத் தாளோடு ஒட்டவைக்கச் சேர்ப்பது பெரும்பாலும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் ரப்பர். செயற்கை ரப்பர், ஐயா. பால்மரத்தை ஓரங்கட்டிய அதே ஆசாமி. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கரிம நேர்முனை ஒன்றைப் பற்றி அறிவித்தார்கள். லம்போர்கினி கார் நிறுவனம் பணம் போட்டு உரிமமும் வாங்கியிருக்கிறது. அதிலும் ஒட்டவைக்க செல்லுலோசும் ரப்பரும் சேர்த்திருக்கிறார்கள், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. குளுகோர் தங்கச்சிக்கும் இதில் வேலை இருக்கிறது: அந்தப் பொருள் பாலிமரே அல்ல, அடுக்கடுக்காகப் படியும் சிறு மூலக்கூறு. ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுக்கிப் பிடிப்பதால் கரைவதில்லை, தானே ஓரளவு மின்சாரத்தையும் கடத்துகிறது. நானோகுழாய் இல்லாமலே பிழைக்கப் பார்க்கும் வழி அது. எனக்கு அதன்மேல்தான் கூடுதல் நம்பிக்கை என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு நானோகுழாய் சம்பந்தப்பட்ட ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அது கல்நார் மாதிரி, நுரையீரலுக்குள் போனால் ஆபத்து என்கிறார்கள். அனுப்பலாமா?
– தாயார், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் அந்தப் பயம் வெறும் வதந்தியில்லை. 2008-இல் எலிகளின் வயிற்றறைக்குள் நீளமான பலசுவர்க் குழாய்களைச் செலுத்திப் பார்த்தபோது, கல்நார் உண்டாக்குவதைப் போன்ற அழற்சியும் சிறு அழற்சி முடிச்சுகளும் தெரிந்தன. குட்டையாகச் சுருண்ட குழாய்களில் அப்படியில்லை. 2014-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரே ஒரு ரகத்தை, எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்பதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற ரகங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதுமான சான்று இல்லை என்று விட்டுவிட்டது.

ஆபத்து பெரும்பாலும் உலர்ந்த பொடியில்தான். திரவத்தில் நனைந்தபின் அது எளிதில் பறக்காது. பேட்டரிக்குள் அடைத்தபின் நமக்கும் அதற்கும் தொடர்பில்லை. மகன் முதல் நாளே மூன்று விஷயம் பார்க்கட்டும்: பொடியை எடை போடுவது காற்றிழுக்கும் கூண்டுக்குள்ளா, வெறும் மேசைமேலா, சிந்தினால் ஈரத்துணியால் துடைக்கிறார்களா, விளக்குமாறு எடுக்கிறார்களா, கொடுக்கிற முகக்கவசம் துகள் தடுக்கும் ரகமா, மருந்துக்கடையில் பெட்டியாக விற்கிற சாதாரண ரகமா. விளக்குமாற்றைப் பார்த்தால் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: பேட்டரி ஆராய்ச்சி என்றால் ஜப்பான், அமெரிக்கா, இப்போது சீனா என்றே பேசுகிறீர்கள். நம்மவர் யாருமே இல்லையா?
– முன்னாள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், பிறை

பதில்: இருக்கிறார்கள் ஐயா, பெரிய இடத்திலேயே. 2019-இல் வேதியியல் நோபல் பரிசை குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். குட்எனஃபுக்கு அப்போது வயது 97. ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஆக்சைடை விட்டு சல்பேட் போன்ற கூட்டயனிகளை நேர்முனையில் வைத்தால் வோல்ட் கூடும் என்று 1980-களின் கடைசியில் அவரும் குட்எனஃபும் காட்டினார்கள். அந்தத் தடத்தில்தான் 1997-இல் இரும்பு பாஸ்பேட் வந்தது. கிராப் தம்பி வாங்கப்போகிற காருக்குள் ஒரு தமிழரின் யோசனை உட்கார்ந்திருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

நிறுவனம் என்றால் காரைக்குடி. தைப்பூசத்தில் வெள்ளி ரதம் இழுக்கிற நம் ஊர் நகரத்தாரின் சொந்தச் சீமை. அங்கே வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் நடக்கிறது. மின்முலாம், துருத்தடுப்பு, பேட்டரி மூன்றும் அவர்கள் துறை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறவர்கள் பிள்ளையார்பட்டி, செட்டிநாட்டு வீடுகள் என்று பார்த்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் வந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத மனத்தாங்கல் உண்டு.

கேள்வி: அக்கா, கொம்தார் பக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். நாங்கள் மாற்றுகிற பேட்டரிகளில் 'லித்தியம் பாலிமர்' என்றே அச்சிட்டிருக்கிறது. அப்படியென்றால் பிளாஸ்டிக் பேட்டரி ஏற்கெனவே வந்துவிட்டதுதானே? இன்னொன்று, பிளாஸ்டிக் பேட்டரி தீப்பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?
– பழுதுபார்ப்பவர், ஜார்ஜ்டவுன்

பதில்: அந்த அச்சு நேர்முனையைப் பற்றியதல்ல தம்பி. எலக்ட்ரோலைட்டைக் கூழாக்கச் சேர்க்கிற பாலிமரையும், மெல்லிய பை உறையையும் வைத்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நேர்முனையில் இருப்பது பெரும்பாலும் பழைய கோபால்ட் ஆக்சைடுதான்.

தீ விஷயத்தில் பாதி உண்மை. கோபால்ட் ஆக்சைடு அளவுக்கு மீறிச் சூடானால் ஆக்சிஜனைக் கக்கும். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை அது. கார்பனைல் பாலிமர்கள் அப்படி ஆக்சிஜனைக் கக்குவதில்லை. ஆனால் எலக்ட்ரோலைட்டில் இருக்கும் கரிமக் கரைப்பான் இரண்டிலும் ஒன்றே, அது எரியும். எதிர்முனையில் லித்தியம் உலோகம் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மேசைமேல் தினமும் அது இருக்கும். உப்பிய பேட்டரியில் இருப்பது, உள்ளே சிதைவினால் உண்டான வாயு. ஊசியால் குத்திக் காற்றை இறக்குகிற பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. அந்த ஊசி இடைத்திரையையும் தாண்டி இரு முனைகளையும் சேர்த்துவிடும். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜில் போட்டு "ஒரு தரம் பார்க்கலாம்" என்றும் பார்க்காதீர்கள். பசையை இளக்கிக் கழற்றும்போது உலோக நெம்புகோலை விட்டுப் பிளாஸ்டிக்கை எடுங்கள். கழற்றியதை உலர்ந்த மணல் போட்ட இரும்பு டின்னில் வைத்து, எரியும் பொருள் எதுவும் இல்லாத வெளியிடத்தில் வையுங்கள். லித்தியம் பேட்டரிக் கழிவு நம் சுற்றுச்சூழல் துறையின் பட்டியலில் எஸ்.டபிள்யூ.103 என்ற எண்ணில் வருகிறது. கடையின் பின்சந்துக் குப்பைத் தொட்டியில் போட அனுமதி இல்லை. உரிமம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்கள் பினாங்கில் இருக்கிறார்கள். முதலாளியிடம் சொல்லி, டின் நிறையும் முன்பே அவர்களுக்குப் போன் போடச் சொல்லுங்கள்.